ஒரே இளைஞர், மூன்று நோய்ப்பெயர்கள்: ஐசிடிக்கும் டிஎஸ்எம்முக்கும் நடுவே ஒரு முதல் சைக்கோசிஸ்

இதில் வரும் இளைஞரும் குடும்பத்தாரும் இதை எழுத ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அடையாளம் தெரிந்துவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாட்கணக்கை மட்டும் தொடவில்லை. இந்த நிகழ்வில் எல்லாமே நாட்கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மேசைமேல் மூன்று தாள்கள்

அவருக்கு 21 வயது. கல்லூரியில் இறுதியாண்டு, விடுதியில் தங்கிப் படித்தவர். நோய் தொடங்கி 46ஆம் நாள் அம்மாவும் அக்காவும் எங்களிடம் அழைத்து வந்தார்கள். உட்காருவதற்கு முன்பே அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். "இதுல எது டாக்டர் இவனுக்கு?" என்று கேட்டார்.

முதல் தாள், 13ஆம் நாள் ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது எழுதியது. ஐசிடி-10 முறைப்படி 'மனச்சிதைவு அறிகுறிகளுடன் கூடிய திடீர் பல்வடிவ சைக்கோசிஸ்', குறியீடு எஃப் 23.1. சைக்கோசிஸ் என்பது இல்லாத குரல்கள் கேட்பது, நடக்காததை நடப்பதாக நம்புவது என்று மனம் நிஜத்திலிருந்து விலகிப்போகும் நிலை. இரண்டாவது, அதே மருத்துவமனை 34ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது தந்தது. அதில் 'மனச்சிதைவு நோய்', எஃப் 20.0. மூன்றாவது தாளை 41ஆம் நாள் கல்லூரியின் மாணவர் நல மையத்து மனநல மருத்துவர் எழுதியிருந்தார். அவர் டிஎஸ்எம்-5-டிஆர் முறையைப் பின்பற்றுபவர். 'ஸ்கிசோஃப்ரினிஃபார்ம் கோளாறு, தற்காலிகம்', எஃப் 20.81 என்று இருந்தது. தற்காலிகம் என்றது நோயை அல்ல, அந்தப் பெயரை; அது பிறகு மாறலாம்.

யாரோ ஒருவர் தப்பாகச் சொல்லிவிட்டார், அல்லது மறைத்துவிட்டார் என்றுதான் குடும்பம் நினைத்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. மூன்று தாளும் அந்தந்த முறையின் விதிப்படி சரியாக எழுதப்பட்டவை. அதைத்தான் அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. எப்படிப் புரியும்? சர்க்கரை நோய் ஒரு புத்தகத்தில் ஒரு பெயரிலும் இன்னொரு புத்தகத்தில் வேறு பெயரிலும் வருவதில்லையே.

இரண்டு முறைகள், ஒரு கடிகாரம்

இங்கே கொஞ்சம் பின்னணி சொல்லியாக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி எல்லா நோய்களுக்குமான பட்டியல். மனநோய்கள் அதில் ஒரு அத்தியாயம். டிஎஸ்எம் மனநோய்களுக்கு மட்டுமானது, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடுவது. முதல் பதிப்பு 1952இல் வந்தது. இரண்டு முறையும் பெரும்பாலான நோய்களில் ஏறத்தாழ ஒரே வழியில் போகின்றன. முதல் முறை வரும் சைக்கோசிஸில் பாதை பிரிகிறது. பிரிவதற்கு முக்கியக் காரணம் காலம்.

ஐசிடி-10, ஐசிடி-11 இரண்டிலும் மனச்சிதைவு என்று சொல்ல அறிகுறிகள் ஒரு மாதம் இருந்தால் போதும். டிஎஸ்எம்மில் நோயின் தடயம் தொடர்ந்து 6 மாதம் இருக்க வேண்டும். அந்த 6 மாதத்தில், நோய் முழுசாக வெளிப்படும் முன் ஒதுங்கிப்போன காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்கு மேல், 6 மாதத்துக்குள் என்றால் அங்கே அது ஸ்கிசோஃப்ரினிஃபார்ம். ஒரு மாதத்துக்குள் முழுசாகச் சரியாகிவிட்டால் குறுகியகால சைக்கோசிஸ்.

இந்த 6 மாதக் கணக்குக்கு ஒரு கதை உண்டு. 1960களின் கடைசியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களை ஒரே கேள்வித்தாளை வைத்து ஆராய்ந்து, 1972இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நியூயார்க் மருத்துவர்கள் மனச்சிதைவு என்ற பெயரை மிக அகலமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தது. லண்டனில் பித்து நோய் என்றோ மனச்சோர்வு என்றோ சொல்லியிருக்கக்கூடிய பலர், அங்கே மனச்சிதைவுக்காரர்களாகக் கணக்கில் ஏறியிருந்தார்கள். அதே 1972இல் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று வெளியிட்ட கறாரான வரையறையில் 6 மாத நிபந்தனை வந்தது. 1980இல் டிஎஸ்எம்-3 அதை எடுத்துக்கொண்டது. பெயரை அள்ளி இறைக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஐசிடி வேறு திசையிலிருந்து வந்தது. திடீரென்று வந்து, நாளுக்கு நாள் வடிவம் மாறி, சில வாரங்களில் போய்விடும் சைக்கோசிஸ்களைப் பல நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். பிரான்சில் அதற்குத் தனிப்பெயரே இருந்தது. ஐசிடி-10 அவற்றைத் தனி அறையாக வைத்தது, அதுதான் எஃப் 23. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது: மனச்சிதைவுக்கே உரிய அறிகுறிகள் ஒரு மாதம் தாண்டினால் பெயரை மாற்ற வேண்டும். இந்த இளைஞரின் முதல் தாள் இரண்டாவது தாளாக மாறியது இதனால்தான். நோய் மோசமாகவில்லை, நாட்காட்டியில் ஒரு மாதம் கடந்தது.

2019இல் உலக சுகாதார சபை ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 இந்த எல்லையைத் திருத்தியது. இரண்டு வாரத்துக்குள் திடீரென்று தொடங்கியிருக்க வேண்டும். அறிகுறிகள் நாளுக்கு நாள், சில சமயம் ஒரே நாளுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்க வேண்டும். எதிர்மறை அறிகுறிகள் இருக்கக் கூடாது. அதாவது முகத்தில் உணர்ச்சி வற்றிப்போவது, பேச்சு வறண்டுபோவது, எதிலும் நாட்டமில்லாமல் போவது போன்றவை. இந்த மூன்றும் பொருந்தினால் 3 மாதம் வரை அது 'திடீர், நிலையற்ற சைக்கோசிஸ்' என்றே இருக்கலாம்.

எங்கள் மருத்துவமனை ஐசிடி-11க்கு மாறியிருந்தது. ஆக, நான்காவதாக ஒரு தாள் எழுதும் பொறுப்பு எங்களுக்கு வந்தது.

ஏழு மாதம் என்ற ஒரு வாக்கியம்

முதல் சந்திப்பிலேயே அம்மா சொன்னார்: "ஏழு மாசமாவே இவன் ஒரு மாதிரிதான் டாக்டர். யாரோடயும் பேச மாட்டான். லீவுக்கு வந்தாலும் ரூமைவிட்டு வெளிய வர மாட்டான்."

இந்த ஒரு வாக்கியத்தின் எடை எவ்வளவு என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் 7 மாதம் ஒதுங்கியிருந்த காலம், அதன்பின் ஒன்றரை மாத சைக்கோசிஸ். டிஎஸ்எம்மில் 6 மாத நிபந்தனை நிறைவேறிவிடும், தற்காலிகம் என்ற சொல் போய் நேராக மனச்சிதைவு. ஐசிடி-11இலும் 'திடீர்த் தொடக்கம்' அடிபட்டுப் போகும். கல்லூரி மருத்துவர் பார்த்த அன்று உடன் வந்தவர் அறைத்தோழர்தான். அம்மாவின் வாக்கியம் அங்கே பதிவாகவில்லை. பதிவாகியிருந்தால் மூன்றாவது தாளும் வேறாக இருந்திருக்கும்.

அக்கா குறுக்கிட்டார். "என்கிட்ட நல்லாத்தான் பேசிட்டிருந்தான். எல்லாம் வாய்ஸ் மெசேஜ்ல இருக்கு."

இளைஞரின் அனுமதியோடு, அவரும் உடன் இருக்க, 7 மாதத்திலிருந்து ஆங்காங்கே எடுத்து இருபது செய்திகள் வரை கேட்டோம். அக்காவைச் சீண்டுகிறார். பாதிப் பாட்டு பாடுகிறார். இரண்டு பாடத்தில் தவறியதை அம்மாவிடம் சொல்லாதே என்று கெஞ்சுகிறார். அம்மாவிடம் மட்டும் ஏன் பேசவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. முதல் நாளுக்கு முந்தைய மாலை 40 வினாடிச் செய்தி ஒன்றில் ப்ராஜெக்ட் அறிக்கையை நேரத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிச் சிரிக்கிறார்.

மறுநாள் இரவு 3.12க்கு அடுத்த செய்தி. குரல் தாழ்ந்திருக்கிறது. வகுப்பில் எல்லாரும் தன்னைக் குறிவைத்தே பேசுவதாகச் சொல்கிறார். 5ஆம் நாள்: "அக்கா, மெதுவா கேளு. ப்ரொஜெக்டர் ஆன் ஆனா நான் நினைக்கிறது அதுல போயிடுது." 9ஆம் நாள், இரண்டு பேர் தன்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழுவதாக. நான்கு நிமிடச் செய்தி அது. பாதி நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

தொடக்கம் 9 நாளுக்குள். சந்தேகத்துக்கே இடமில்லை.

செவிலியர் குறிப்புகளில் இருந்தது

முதல் மருத்துவமனையின் சுருக்க அறிக்கை 'தொடர் சந்தேக எண்ணங்கள், தன்னைப் பற்றிப் பேசும் குரல்கள்' என்று ஒரே வரியில் முடித்திருந்தது. அதைப் படித்தால் நிலையாக ஒரே மாதிரி இருந்த நோய் போலத் தோன்றும். நாங்கள் செவிலியர்களின் அன்றாடக் குறிப்புகளைக் கேட்டு வாங்கினோம்.

15ஆம் நாள் பக்கம் இது: காலை 6 மணிக்கு அழுகிறார். 10 மணிக்குச் சிரித்த முகம், தன்னை ஒரு பெரிய வேலைக்குத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொல்கிறார். மாலை 3 மணிக்கு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் திகைத்து நிற்கிறார். இரவு 9 மணிக்குக் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கிறார். குரல்களும் அப்படித்தான்: இரண்டு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது, திரும்ப வரும். பல்வடிவம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். பணியில் இருந்த செவிலியர்கள் மணி போட்டு எழுதாமல் விட்டிருந்தால் எங்கள் கையில் எந்த ஆதாரமும் இருந்திருக்காது.

அந்தத் திகைப்பு வேறு ஒரு கேள்வியையும் எழுப்பும். மூளை அழற்சியா? முதல் மருத்துவமனை அதை நன்றாகவே கவனித்திருந்தது. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, மூளை எம்ஆர்ஐ, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இஇஜி, தண்டுவட நீர், தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி சோதனை, சிறுநீரில் போதைப்பொருள் சோதனை, எதிலும் குறையில்லை.

வீசாத கை

46ஆம் நாள் அவர் எங்கள் முன் உட்கார்ந்திருந்த விதம் மனதில் நிற்கிறது. முகம் மரத்துப் போயிருந்தது. கண் இமைப்பதே அரிது. கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில். உடன் இருந்த இளம் மருத்துவர் 'எதிர்மறை அறிகுறிகள்: உண்டு' என்று எழுதினார். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அவர் எழுந்து நடைபாதையில் போகும்போதுதான் கண்ணில் பட்டது. இடது கை வீசவே இல்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டே போனது. திரும்பக் கூப்பிட்டு, பெயரை ஐந்து முறை எழுதச் சொன்னேன். ஐந்தாவது தடவை எழுத்து முதல் தடவையின் பாதி அளவுக்குச் சுருங்கியிருந்தது. மணிக்கட்டை மடக்கிப் பார்த்தால் பல்சக்கரம் போலத் தடதடவென்று தடைபட்டது. மருந்துச் சீட்டில், சைக்கோசிஸுக்குத் தரும் ரிஸ்பெரிடோன் 24ஆம் நாளிலிருந்து 6 மில்லிகிராம். முகம் எப்போது இப்படி ஆனது என்று அக்காவிடம் கேட்டோம். "ஆஸ்பத்திரியில இருந்தப்பவே, கடைசி நாலஞ்சு நாள்ல" என்றார். மருந்தின் அளவு கூடி ஒரு வாரத்தில் என்று கணக்கு ஒத்துப்போனது.

இது மருந்தால் வரும் பார்க்கின்சன் நிலையாக, அதாவது உடல் விறைத்து அசைவு குறைந்துபோவதாக, இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் எதிர்மறை அறிகுறி என்று நாங்கள் எழுதியது நோயைச் சேர்ந்ததே இல்லை. ஆனால் அந்த ஒரு வரி அப்படியே நின்றிருந்தால் ஐசிடி-11இல் திடீர் நிலையற்ற சைக்கோசிஸ் என்ற கதவு மூடியிருக்கும். டிஎஸ்எம்மிலும், நல்ல எதிர்பார்ப்புக்கான, அதாவது நோய் நன்றாகக் குணமாகும் என்று நம்பவைக்கும், அடையாளங்களில் ஒன்று கழன்றிருக்கும்.

எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

49ஆம் நாள் குழுவாக உட்கார்ந்து பேசினோம். பெயரை அன்றே முடிவு செய்யாமல் மூன்று வாரம் தள்ளிப்போட்டோம். ஐசிடி-11இல் 'வகை குறிப்பிடாத முதன்மை சைக்கோசிஸ்' என்று ஒரு குறியீடு இருக்கிறது. அதையே எழுதினோம். கையில் நான்காவது தாளும் முடிவில்லாமல் வந்ததில் குடும்பத்துக்கு வருத்தம்தான். ஆனாலும் மருந்தைக் குறைத்துப் பார்க்காமல் அந்த முகத்தைப் படிக்க வழியில்லை.

குரல்கள் 38ஆம் நாளோடு நின்றிருந்தன. அதனால் ரிஸ்பெரிடோனை இரண்டு வாரத்தில் 4க்கும், பிறகு 3க்கும் இறக்கினோம். சிகிச்சையைப் பொறுத்தவரை எந்தப் பெயர் வைத்திருந்தாலும் அந்தக் கட்டத்தில் செய்திருக்கக்கூடியது இதுதான். பெயர் மாறினால் மாறக்கூடியவை வேறு: மருந்து எத்தனை காலம், குடும்பத்திடம் எதிர்காலத்தைப் பற்றி என்ன சொல்வது, கல்லூரிக்கு என்ன எழுதுவது.

58ஆம் நாளுக்குள் ப்ரொஜெக்டர் பற்றிய நம்பிக்கை கரைந்துவிட்டது. 67ஆம் நாள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்து வந்தார். அக்கா ஏதோ சொல்ல, முகத்தைச் சுளித்துக் காட்டினார். பெயரை ஐந்து முறை எழுதினார், ஐந்தும் ஒரே அளவு. அன்று எழுதினோம்: திடீர், நிலையற்ற சைக்கோசிஸ், முதல் முறை, பகுதி குணம். 78ஆம் நாள் அதை முழுக் குணம் என்று மாற்றினோம்.

அதே தாளில் டிஎஸ்எம் பெயரையும் கீழே சேர்த்தோம்: ஸ்கிசோஃப்ரினிஃபார்ம், நல்ல எதிர்பார்ப்பு அடையாளங்களுடன். இரண்டையும் அருகருகே எழுதும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. டிஎஸ்எம் சொல்லும் நல்ல அடையாளங்கள் நான்கு: மாற்றம் தெரிந்த 4 வாரத்துக்குள் சைக்கோசிஸ் வெளிப்படுவது, குழப்பமோ திகைப்போ இருப்பது, முன்பு நன்றாக வாழ்ந்துவந்தது, முகம் வற்றாமல் இருப்பது. இவற்றில் இரண்டு, ஐசிடி-11 இந்த நோய்க்குக் கேட்கும் திடீர்த் தொடக்கத்துக்கும் எதிர்மறை அறிகுறி இல்லாமைக்கும் அண்ணன் தம்பிதான். ஒரு முறை வாசலில் வைத்துக் கேட்பதை இன்னொரு முறை உள்ளே வந்த பிறகு கேட்கிறது. இரண்டு புத்தகமும் பார்ப்பது ஒரே மனிதரைத்தான் என்று அம்மாவுக்குச் சொல்ல எனக்கு அதன்பின்தான் வார்த்தை கிடைத்தது.

ஒரு குறியீடு செய்த வேலை

கல்லூரியில் இன்னொரு சிக்கல். மாணவர் நல மையத்தின் கடிதத்தில் எஃப் 20.81 என்று இருந்தது. டிஎஸ்எம்முக்குத் தனிக் குறியீடு கிடையாது. அமெரிக்காவின் ஐசிடி-10 திருத்தப் பதிப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பதிப்பில் ஸ்கிசோஃப்ரினிஃபார்ம், எஃப் 20 குடும்பத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அலுவலகத்தில் யாரோ எஃப் 20 என்று தேடிப் பார்த்து மனச்சிதைவு என்று புரிந்துகொண்டு, படிப்பை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தமிழ்ச் சொல்லையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'சிதைவு' என்று கேட்டவுடன் அம்மாவின் கை நடுங்கியதைப் பார்த்தேன். சிதைந்தது திரும்ப ஒன்றுசேராது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஜப்பானில் 'மனம் பிளந்த நோய்' என்ற பழைய பெயரை 2002இல் மருத்துவர்களே மாற்றினார்கள். நம் மொழியிலும் அந்தப் பேச்சு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கல்லூரிக்கு நாங்கள் எழுதிய கடிதத்தில் நோய்ப்பெயரை ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டோம். மீதி எல்லாம் அவரால் என்ன முடியும் என்பது: தொடர்ந்து இரண்டு மணி நேரம் படிக்க முடிகிறது, ஒரு பருவத்துக்குப் பாதிப் பாடங்கள் போதும், இரவு முழுக்க விழிக்கும் வேலை வேண்டாம். அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்தது

ரிஸ்பெரிடோன் 2 மில்லிகிராமில் 14ஆம் மாதம் வரை தொடர்ந்தது. அப்புறம் மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து 17ஆம் மாதம் நிறுத்தினோம். 20ஆம் மாதம் நோய் திரும்பியது. இரவு இரண்டு மணிக்கு வந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டதும் அக்கா புரிந்துகொண்டு, மறுநாள் மாலைக்குள் அழைத்து வந்துவிட்டார். 19 நாளில் முழுசாக மீண்டார். பித்து நோயோ மனச்சோர்வோ உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தோம். மனநிலை மாற்றம் எதுவும் ஒரு நாளுக்கு மேல் நிற்கவில்லை.

இந்த இரண்டாவது முறைக்கு ஐசிடி-11இல் பெயர் மாறவில்லை. 'பலமுறை' என்ற சொல் மட்டும் சேர்ந்தது. டிஎஸ்எம்மில் ஒரு மாதத்துக்குள் சரியானதால் இது குறுகியகால சைக்கோசிஸ். ஆக அந்த முறையில் இவருக்கு முதல் தடவை ஒரு நோய், இரண்டாம் தடவை வேறு நோய்.

அன்று அம்மா என்னிடம் கேட்டதை எழுதாமல் விட முடியாது. "அன்னைக்கு அது இல்லைன்னு சொன்னீங்களே டாக்டர்." உண்மைதான். 78ஆம் நாள் மகிழ்ச்சியில், "இது மனச்சிதைவு இல்லம்மா" என்று அழுத்திச் சொல்லியிருந்தேன். இன்றுவரை அது மனச்சிதைவாக மாறவில்லை, ஆனாலும் அன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இப்படித் தொடங்கும் நோய்களில் ஒரு பகுதி பிற்பாடு மனச்சிதைவாகவோ, பித்தும் மனச்சோர்வும் வந்துபோகும் இருதுருவ நோயாகவோ மாறுவது எங்கள் துறையில் எல்லாரும் அறிந்ததுதான். அவர் கேட்க விரும்பியதை நான் சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை வந்தபோது நோயோடு சேர்த்து அந்த ஏமாற்றத்தையும் அவர் சுமக்க வேண்டியதாயிற்று.

இனி வேறாகச் செய்வது

முதல் சைக்கோசிஸோடு வருபவர்களிடம் 'எப்போதிலிருந்து' என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. கடைசியாக நன்றாக இருந்த நாள் எது, அதற்கு என்ன சாட்சி என்று கேட்கிறோம். செய்தி, தேர்வுத்தாள், வருகைப் பதிவு, எதுவானாலும் சரி. அந்த நாள் தெரிந்துவிட்டால் எந்த முறையில் வேண்டுமானாலும் பெயரைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அது தெரியாமல் எழுதிய பெயரை வைத்து அடுத்த மருத்துவரால் பின்னோக்கிப் போய் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

எதிர்மறை அறிகுறி என்று எழுதும் முன் நோயாளியை நடக்கவைத்துப் பார்க்கிறோம். இளம் மருத்துவர்களுக்கு இதை நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன்.

நோய்ப்பெயருக்குப் பக்கத்தில் எந்த முறை, எந்தப் பதிப்பு, நோயின் எத்தனையாவது நாள் என்று எழுதுகிறோம். 'மனச்சிதைவு' என்று தனியாக நிற்கும் சொல்லும், 'ஐசிடி-10, 34ஆம் நாள்' என்று உடன் இருக்கும் சொல்லும் படிப்பவருக்கு வேறு வேறு செய்தி. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பெயரை மறுபடி பார்ப்போம் என்பதைக் குடும்பத்திடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். 'இல்லை' என்ற சொல்லுக்குப் பதிலாக 'இப்போதைக்கு இல்லை' என்கிறேன். சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் வாடுகிறது. அதைத் தாங்கிக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த இளைஞர் படிப்பை முடித்துவிட்டார். இதை எழுதும்போது நோய் தொடங்கி 30 மாதம் ஆகிறது, 2 மில்லிகிராம் மாத்திரை தொடர்கிறது. போன வாரம் வந்தபோது அம்மாவின் உறையில் ஐந்து தாள்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, அக்காவின் கையெழுத்தில், தேதிகள் மட்டும் எழுதிய ஒரு பக்கம்.